இயர்பட்ஸ் ஒலியை எடைபோட ஒரு வாரமாவது வேண்டும்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜோடி இயர்பட்ஸை வாங்கிய அன்றே, பேஸே (அடி முழக்கமே) இல்லை, தகர டப்பாவில் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு, தங்கையிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவள் போன் செய்தாள். "அண்ணா, இதுலயா பேஸ் இல்லன்னு சொன்னே? பாடுறவங்க குரலையே மூடுற அளவுக்கு அடிக்குதே!" நேரில் போய்ப் பார்த்தேன். பெட்டிக்குள் கூடுதலாக வந்திருந்த பெரிய சிலிக்கான் டிப்பை, அதாவது காதுக்குள் நுழையும் மெத்தென்ற முனையை, அவள் மாட்டியிருந்தாள். நான் பெட்டியிலிருந்து எடுத்தபோது எந்த டிப் இருந்ததோ அதோடேயே கேட்டிருந்தேன். அதே பெரிய டிப்போடு என் காதில் போட்டுப் பார்த்தால் முழுக்க வேறு இயர்பட்ஸ். என் இடது காதுத் துளை வலதைவிடக் கொஞ்சம் பெரியது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து எந்த இயர்பட்ஸைப் பற்றியும் ஒரு வாரத்துக்குள் கருத்து சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். "அது நல்லா இருக்கா, ஒரு வார்த்தையில சொல்லு" என்று கேட்கும் நண்பர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், தெரியும். ஆனால் முதல் ஐந்து நிமிடத்தில் நாம் கேட்பதில் பெரும்பகுதி அந்த இயர்பட்ஸின் ஒலியே இல்லை. டிப் சரியாக உட்காராதது, வால்யூம் ஒன்றுக்கொன்று வேறாக இருப்பது, பெட்டியைப் பார்த்ததும் மனதில் வந்த எதிர்பார்ப்பு, இதெல்லாம் சேர்ந்த கலவைதான் அது.

டிப் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இது சரியாக இல்லாவிட்டால் மற்ற எதைப் பேசியும் பயனில்லை. இயர்பட்ஸுக்குள் ஒலியை உண்டாக்கும் ட்ரைவர் என்ற பாகம் சில மில்லிமீட்டர் அகலம்தான். இவ்வளவு சின்னது எப்படி அவ்வளவு ஆழமான பேஸைத் தருகிறது என்றால், காதுக்குள் அடைபட்டிருக்கும் கொஞ்சம் காற்றை மட்டும் அது அழுத்தி இழுத்தால் போதும். அந்த அடைப்பில் ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தாலும் கீழ் அதிர்வெண்கள் அதன் வழியே ஓடிவிடும், மேலே உள்ளவை மட்டும் தங்கும். அதனால்தான் டிப் பொருந்தாத இயர்பட்ஸ் எல்லாமே ஒரே மாதிரி, மெலிந்து, கூர்மையாகக் கேட்கும். சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பாட்டை நிறுத்திவிட்டு, இரைச்சல் நீக்கத்தையும் வெளிச்சத்தம் உள்ளே விடும் மோடையும் அணைத்துவிட்டு, வாயை மூடி "ம்ம்ம்" என்று ரீங்காரம் செய்யுங்கள். காது நன்றாக அடைபட்டிருந்தால் உங்கள் குரலே குடத்துக்குள் பேசுகிற மாதிரி உள்ளே முழங்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு முழங்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் வேறு சைஸ் போடுங்கள். இரண்டு காதிலும் ஒரே சைஸ்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. டிப்பே இல்லாத, காதின் ஓரத்தில் சும்மா உட்காரும் வகை இயர்பட்ஸ் என்றால் இந்தச் சோதனை செல்லாது. அங்கே பேஸ் ஒவ்வொருவர் காது வடிவத்துக்கும் மாறும், அதனால் அந்த வகையில் இன்னொருவர் கருத்தை நான் அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது வால்யூம். என் கணக்கில் மனிதர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். இரண்டு இயர்பட்ஸை மாற்றி மாற்றிக் கேட்கும்போது ஒன்று கொஞ்சமே கொஞ்சம், ஒரு டெசிபல் அளவுக்குச் சத்தமாக இருந்தால் போதும், அது சத்தமாக இருக்கிறது என்று நமக்குத் தோன்றாது, "தெளிவாக இருக்கிறது", "உயிர் இருக்கிறது" என்றுதான் தோன்றும். இதற்குப் பின்னால் பழைய ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட வளைகோடுகள் இன்றும் ஒலி படிப்பவர்களுக்கு அரிச்சுவடி மாதிரி. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பேஸை மிகக் குறைவாகவே உணர்கிறது, சத்தம் கூடக் கூட பேஸ் மற்றதைவிட வேகமாக ஏறி வருகிறது. அப்படியென்றால் வால்யூமை ஒரு படி ஏற்றினால் சத்தம் மட்டும் ஏறவில்லை, பாட்டின் நிறமே மாறுகிறது. இது தெரியாமல் ஒன்றை 60 சதவீதத்திலும் இன்னொன்றையும் அதே 60 சதவீதத்திலும் வைத்துவிட்டு "சமமாகத்தான் வைத்தேன்" என்று சொல்வதில் அர்த்தம் இல்லை, ஒவ்வொரு இயர்பட்ஸுக்கும் அந்த 60 வேறு.

நான் செய்வது இது. இசை எதுவும் இல்லாமல் ஒருவர் நிதானமாகப் பேசும் ஒலிப்பதிவு ஒன்றை வைத்திருக்கிறேன். இரண்டு ஜோடியிலும் அந்தக் குரல் ஒரே தூரத்திலிருந்து வருகிற மாதிரி கேட்கும்வரை வால்யூமைச் சரிசெய்வேன். குரலை எடுப்பதற்குக் காரணம், அது நடு அதிர்வெண்களில் இருக்கிறது, ஒரு ஜோடியின் பேஸ் கூடுதலா குறைவா என்பது அதை அவ்வளவாகப் பாதிக்காது. பல போன்களில் வால்யூமுக்கு 15, 16 படிகள்தான் இருக்கின்றன, அதனால் அச்சாகப் பொருந்தாது. அப்படிப் பொருந்தாதபோது, எந்த ஜோடி ஜெயிக்க வேண்டும் என்று என் மனம் ஆசைப்படுகிறதோ அதை ஒரு படி கீழே வைப்பேன்.

ஆசை என்று சொன்னேன் இல்லையா, அது சாதாரண விஷயம் இல்லை. ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்ததும் மதிப்பெண்கள் மாறின, அதோடு நிற்காமல், உண்மையான ஒலி வேறுபாடுகளைக் கவனிப்பதும் குறைந்தது. அனுபவம் உள்ளவர்களுக்கே இந்தக் கதி. இயர்பட்ஸில் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்பது கஷ்டம், காதில் நுழைக்கும்போதே எது எது என்று தெரிந்துவிடும். அதனால் நான் செய்யக்கூடியது ஒன்றுதான், மற்றவர்கள் எழுதியதைப் படிப்பதற்கு முன்பே, எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று காட்டும் வரைபடங்களைப் பார்ப்பதற்கு முன்பே, நான் கேட்டதை ஒரு தாளில் எழுதிவிடுவது. படித்த பிறகு கேட்டால் அவர்கள் சொன்னதுதான் கேட்கும்.

சரி, எதைக் கேட்பது? எனக்கு மனப்பாடமான ஐந்தாறு பதிவுகள் போதும். புதுப் பாட்டை வைத்துச் சோதிப்பதில் ஒரு சிக்கல், கேட்பது இயர்பட்ஸின் குணமா அந்த ஒலிப்பதிவின் குணமா என்று பிரிக்க முடியாது.

பேஸுக்கு நான் நம்புவது மிருதங்கத்தைத்தான். எவ்வளவு அதிர்கிறது என்பதைவிட, அதன் இடது பக்கமான தொப்பியில் கும்கி வாசிக்கும்போது அந்த ஒலி வளைந்து மேலேறுவது காதில் விழுகிறதா என்று பார்ப்பேன். நல்ல இயர்பட்ஸில் அந்த வளைவு தெளிவாகத் தெரியும், கையை அழுத்தித் தோலின் மேல் நகர்த்துவதையே பார்க்கிற மாதிரி இருக்கும். பேஸை மட்டும் ஊதிப் பெருக்கிய இயர்பட்ஸில் ஒரு "தும்" மட்டும் கேட்கும், எல்லாத் "தும்"மும் ஒன்றுபோலவே இருக்கும். அப்புறம் வலது பக்கமான வலந்தலையில் விழும் விரல் அடிகள் தொப்பியின் முழக்கத்துக்குள் அமுங்கிவிடுகின்றனவா என்பதும் முக்கியம்.

குரலுக்கு நம் மொழியே ஒரு கருவி. ல, ள, ழ மூன்றும் வரும் வரிகளைத் தெளிவாக உச்சரித்துப் பாடும் ஒருவரின் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் நடுவிலிருந்து மேல் நடுப்பகுதி வரை உள்ள அதிர்வெண்கள்தான். அங்கே பள்ளம் விழுந்த இயர்பட்ஸில் ழகரம் மழுங்கும், பாடுபவர் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்ற மாதிரி இருக்கும். எதிர்ப்பக்கம், ஸ, ஷ, ச வரும் இடங்களில் ஊசி குத்துகிற மாதிரி "ஸ்ஸ்" என்று வந்தால் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலே எங்கோ ஒரு மேடு இருக்கிறது என்று அர்த்தம். ஜால்ராவில் இதை இன்னும் நன்றாகப் பிடிக்கலாம். அடித்த பிறகு அந்த மணியோசை மெல்ல மெல்லத் தேய்ந்து போகவேண்டும், அடி மட்டும் பளிச்சென்று கேட்டு வால் காணாமல் போனால் ஏதோ சரியில்லை. தம்புராவின் ரீங்காரத்துக்குள் அடுக்கடுக்காக எழும் சின்ன சுரங்களையும் கேட்டுப் பாருங்கள், ட்ரெபிள், அதாவது மேல் அதிர்வெண் ஒலி, நல்லதா என்று சொல்ல எனக்குத் தெரிந்த மிக நேர்மையான சாட்சி அதுதான்.

இதெல்லாம் முதல் நாளே செய்யலாம், செய்து எழுதியும் வைப்பேன். ஆனால் என் முடிவு அந்தத் தாளில் இருந்து வருவதில்லை. முதல் நாளுக்கு அப்புறம் ஒலியைக் கவனிப்பதையே நிறுத்திவிட்டு, வழக்கம்போலப் பாட்டுக் கேட்க ஆரம்பிப்பேன், என் கட்டைவிரல் என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்ப்பேன். அரை மணி நேரம் கழித்து என்னை அறியாமல் வால்யூமைக் குறைத்திருந்தால், மேலே எங்கோ கூர்மை அதிகம், காது சோர்கிறது. பாடுபவர் சொல்வது புரியவில்லை என்று ஏற்றினால், பேஸ் குரலை மூடுகிறது, அல்லது நடுவில் பள்ளம். ஏற்றியதும் பேஸ் அளவு மீறிப்போய், திரும்ப இறக்கி, இப்படி ஒரே பாட்டுக்குள் மேலும் கீழுமாக அலைந்தால் அந்த ஜோடியின் சமநிலையே தவறு. வால்யூமை ஒருமுறை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் தொடாமல் இருந்தேன் என்றால், அந்த இயர்பட்ஸ் நல்லது. இதைவிட நம்பகமான அளவுகோல் ஒன்று எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. மனம் பொய் சொல்லும், விரலுக்கு விலையும் தெரியாது பெயரும் தெரியாது.

ஒரு எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு வாரம் கேட்டால் காது எதற்கும் பழகிவிடும். "இயர்பட்ஸ் ஓட ஓடத்தான் திறக்கும்" என்று சிலர் சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பழக்கம்தான், மாறுவது மூளை. மோசமான ஒலிகூட ஏழாவது நாள் இயல்பாகத் தோன்றலாம். அதனால் கடைசி நாளில் என்னுடைய பழைய ஒயர் இயர்போனுக்கு ஒருமுறை திரும்புவேன். அது உலகத்திலேயே சிறந்ததெல்லாம் இல்லை, ஆனால் பல வருடமாக மாறாமல் இருக்கிறது, என் தராசுக்கு அதுதான் படிக்கல். திரும்பியதும் அப்பாடா என்று இருந்தால் ஒரு விஷயம் தெரிகிறது, எதையோ இழந்த மாதிரி இருந்தால் வேறு விஷயம் தெரிகிறது.

கோடெக், அதாவது ப்ளூடூத்தில் அனுப்புவதற்காக ஒலியைச் சுருக்கும் முறை, பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம், எனக்கோ அதில் ஆர்வம் குறைவு. எல்லா ப்ளூடூத் இயர்பட்ஸிலும் இருக்கும் எஸ்பிசி நல்ல தரத்தில் நொடிக்கு 328 கிலோபிட் வரை அனுப்பும். சோனி உருவாக்கிய எல்டாக் 330, 660, 990 என மூன்று வேகங்களில் போகும். ஐபோனில் எல்டாக் கிடையாது, அங்கே ஏஏசிதான். காகிதத்தில் 990 பெரிதாகத் தெரியும். கூட்டமான இடத்தில் அது விட்டு விட்டு வரும் அல்லது தானாகவே கீழே இறங்கும். டிப் சரியாக உட்காராமல் பேஸ் பாதி காணாமல் போயிருக்கும்போது கோடெக் மாற்றிப் பார்ப்பது, கூரை ஒழுகும்போது சுவருக்கு வண்ணம் அடிப்பது மாதிரி. பெட்டியில் போட்டிருக்கும் ப்ளூடூத் 5.3, 12 மில்லிமீட்டர் ட்ரைவர் போன்றவையும் ஒலி எப்படி இருக்கும் என்று எதையும் சொல்வதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கணினியில் ஏதாவது மீட்டிங் ஆப் மைக்கைப் பிடித்து வைத்திருந்தால் ப்ளூடூத் அழைப்பு மோடுக்கு மாறிவிடும், பாட்டு பழைய தொலைபேசியில் கேட்கிற மாதிரி ஆகிவிடும். இதைத் தெரியாமல் நல்ல இயர்பட்ஸைத் திருப்பி அனுப்பியவர் எனக்குத் தெரிந்தே ஒருவர் இருக்கிறார்.

இரைச்சல் நீக்கம் இருக்கும் ஜோடியை இரண்டு முறை சோதிக்க வேண்டும், அணைத்து ஒருமுறை, போட்டு ஒருமுறை. சிலவற்றில் அதைப் போட்டதும் பேஸ் கூடும், சிலவற்றில் குறையும், இரண்டும் ஒரே ஒலியாக இருப்பது நல்ல வடிவமைப்பின் அடையாளம் என்று நினைக்கிறேன். அது முக்கியமாக நீக்குவது இன்ஜின் உறுமல் மாதிரியான கீழ் அதிர்வெண்களைத்தான், பேச்சுச் சத்தம் போன்றவற்றைத் தடுப்பது பெரும்பாலும் டிப்தான். ஓடும் வண்டிக்குள் அந்த உறுமல் பாட்டின் பேஸை விழுங்கிவிடும் என்பதால், அமைதியான அறையில் பேஸ் கொஞ்சம் கூடுதல் என்று தோன்றிய ஜோடி பயணத்தில் சரியாக இருக்கும். அதனால் எங்கே கேட்கப் போகிறீர்களோ அங்கேயும் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

வரைபடங்களை நான் வெறுக்கவில்லை, என் குறிப்பை எழுதிய பிறகு பார்ப்பேன். நம் காதுக் குழாய் சுமார் இரண்டரை செண்டிமீட்டர் நீளம், அது 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் இயல்பாகவே ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். இயர்பட்ஸ் குழாயை அடைத்ததும் அந்தத் தூக்கல் போய்விடுவதால், நல்ல இயர்பட்ஸ் அதைத் திருப்பித் தர வேண்டும். வரைபடத்தில் அந்த இடத்தில் மேடு இருப்பது குறை இல்லை. ஷான் ஆலிவ் குழு ஹார்மன் நிறுவனத்தில் பலரை உட்காரவைத்துக் கேட்கவைத்து உருவாக்கிய இலக்குக் கோடு, அதாவது நல்ல ஒலியின் வரைபடம் இப்படி இருக்க வேண்டும் என்று காட்டும் கோடு, பெரும்பாலானவர்களுக்குப் பிடித்தது, ஆனால் அதைவிட பேஸ் கூட வேண்டும் என்றவர்களும் குறைய வேண்டும் என்றவர்களும் அதே ஆய்வுகளிலேயே இருந்தார்கள். ஆக, கோடு நல்ல தொடக்கம், உங்கள் காதுக்கு அது தீர்ப்பு இல்லை. 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வரைபடத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எவ்வளவு உள்ளே நுழைத்தார்கள் என்பதைப் பொறுத்தே அங்கே மேடு பள்ளம் மாறும்.

சத்தமாக வைத்துச் சோதிக்கவே கூடாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், 83 ஆனாலே அது 20 மணியாகப் பாதியாகிவிடும். அது உடல்நலம். சோதனைக்கும் அது கெடுதல்தான், பத்து நிமிடம் சத்தமாகக் கேட்ட காது அதற்கு அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு மந்தமாகிவிடும், இரண்டாவது ஜோடிக்கு நியாயம் கிடைக்காது. சளி பிடித்திருக்கும் நாளிலும் நான் எதையும் எழுதுவதில்லை.

மோனோவில், அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலி வரும்படி, பதிவான பழைய பாட்டு ஒன்றும் கைவசம் இருக்கட்டும். குரல் தலையின் நட்ட நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் டிப் கசிகிறது, இல்லையென்றால் இயர்பட்ஸின் வாயில் இருக்கும் வலையில் காது அழுக்கு அடைத்திருக்கிறது. என்னுடைய ஒரு ஜோடியில் வலது பக்கம் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே வந்து, பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன், வலையைக் கீழே பார்க்கும்படி பிடித்துக் காய்ந்த மெல்லிய பிரஷால் துடைத்ததும் குரல் நடுவுக்கு வந்து நின்றது.

இப்போது கையில் ஒரு புது ஜோடி இருக்கிறது, இன்று நான்காம் நாள். முதல் நாள் தாளில் "கும்கி அருமை, ழகரம் தெளிவு" என்று எழுதியிருக்கிறேன். ஆனால் நேற்றும் இன்றும் முக்கால் மணி நேரம் தாண்டியதும் கட்டைவிரல் ஒரு படி கீழே இறக்கியிருக்கிறது, இரண்டு முறையும் ஸகரம் நிறைய வரும் பாட்டில். இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தங்கை வருகிறாள், இந்த முறை எல்லா டிப்பையும் எடுத்து வைத்துவிட்டு, என் தாளைக் காட்டாமல், அவளையும் போட்டுக் கேட்கச் சொல்லப் போகிறேன்.